டைனமோ 45 ஆம்பியர், ஆறு மணி நேர ஓட்டம், ஆனாலும் விடியற்காலையில் ஃபேன் நின்றுவிடுகிறது

2023 மார்ச் 4, இரவு 10.40

பழைய கல்லூரிப் பஸ் ஒன்றை வாங்கி, சீட்டெல்லாம் கழற்றி, கரூரில் பாடி கட்டும் பட்டறையில் விட்டு வீடு மாதிரி ஆக்கியிருக்கிறேன். வண்டி 24 வோல்ட். ஸ்டார்ட் செய்ய 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சீரிஸில் (வோல்ட் கூடும்படி ஒன்றன்பின் ஒன்றாக). பின் டிக்கியில் வீட்டுக்கென்று 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரி இரண்டு, அதுவும் சீரிஸில். வீட்டில் வைப்பதைப் போன்ற 24 வோல்ட் இன்வெர்ட்டர்தான். ஓடுவது சின்ன ஃபிரிட்ஜ், பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, நாலு எல்.இ.டி., காலையில் சட்னிக்கு மிக்சி.

இன்ஜினோடு சுற்றி சார்ஜ் தரும் டைனமோவின் மேல் 28 வோல்ட் 45 ஆம்பியர் என்று தகடு அடித்திருக்கிறது. நேற்று ஆறு மணி நேரம் ஓட்டினேன். 45 பெருக்கல் 6, 270. பேட்டரியோ வெறும் 150. நிரம்பி வழிந்திருக்க வேண்டும். ஆனால் விடிய மூன்று மணிக்கு இன்வெர்ட்டர் கத்தி ஃபேன் நின்றது. கொசு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

டைனமோ போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். மாற்றிவிடலாமா?

மார்ச் 4, இரவு 11.15

டைனமோவா, ஆல்டர்னேட்டரா என்று கேட்டவர்களுக்கு: ஆம், ஆல்டர்னேட்டர்தான். எங்கள் பக்கம் எல்லாரும் டைனமோ என்றே சொல்வோம், இனிமேல் நாக்கு மாறாது.

இரண்டு செட்டுக்கும் நடுவில், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஐசோலேட்டர் இருக்கிறது. வயரிங் செய்த அண்ணன் போட்டது. வீட்டு பேட்டரி தீர்ந்தாலும் வண்டி பேட்டரி தீரக்கூடாது என்பதற்காக. அது நியாயம்தானே?

மார்ச் 5, மாலை

மீட்டர் வைத்துப் பார்க்காமல் டைனமோவை மாற்றாதே என்று மூன்று பேர் திட்டியதால் இன்று பார்த்தேன். இன்ஜின் 1,500 ஆர்.பி.எம். அளவில், வீட்டு பேட்டரிக்கு 22 ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும்போது:

டைனமோவின் பி பிளஸ் முனையில் (கரண்ட் வெளியே வரும் இடம்) 28.1 வோல்ட். டயோடு தாண்டியதும் 27.3. டிக்கியில் வீட்டு பேட்டரி முனையில் 26.6.

ஆக, டைனமோவில் புறப்பட்டது பேட்டரிக்குப் போய்ச் சேரும்போது ஒன்றரை வோல்ட் காணோம். டயோடு தின்றது 0.8. மீதி 0.7 கேபிளிலும் அதன் முனையில் மாட்டும் லக்குகளிலும்.

கேபிள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வயரிங் அண்ணன் போட்டது 10 ஸ்கொயர் எம்.எம். போக 7 மீட்டர், வர 7 மீட்டர். ஒரு ஸ்கொயர் எம்.எம். காப்பருக்கு மீட்டருக்கு 0.0175 ஓம் என்று வைத்து, 14-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 0.0245 ஓம். 22 ஆம்பியருக்கு 0.54 வோல்ட். மீதி 0.16 வோல்ட் லக்கில் போகிறது. ஒரு லக்கைக் கையால் தொட்டேன், தோசைக்கல் மாதிரி இல்லாவிட்டாலும் டீ கிளாஸ் சூடு இருந்தது. அடித்துப் பொருத்தாமல் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில்லறை. ஆனால் டியூபுலர் நிரம்ப ஜோடிக்கு 28.8 வோல்ட் கேட்கும். 26.6-இல் அது ஒரு நாள் ஓட்டத்தில் நிரம்பாது. ஆமை வேகத்தில்தான் ஏறும்.

மார்ச் 5, இரவு

டைனமோ நிரபராதி. தலைப்பை மாற்ற முடியவில்லை, மன்னிக்கவும்.

மார்ச் 6

கிளாம்ப் மீட்டர் எது வாங்கலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அனுபவம்: முதலில் மலிவாகக் கிடைத்ததை வாங்கினேன். கேபிளைச் சுற்றிப் பிடித்தால் பூஜ்யம். கரண்டே போகவில்லை என்று நினைத்து அரைநாள் கேபிளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் அந்த மீட்டர் ஏ.சி. கரண்டை மட்டும் அளக்கும் ரகம். டி.சி. ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் அளக்கும் சார்" என்றால், ஏதாவது பைக் பேட்டரியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மார்ச் 9

டயோடைத் தூக்கிவிட்டேன். பதிலாக ரிலே, கரண்டால் இயங்கும் சுவிட்ச். இன்ஜின் ஓடும்போது இரண்டு செட்டும் சேரும், நின்றால் பிரியும். டயோடு மாதிரி வோல்ட்டைத் தின்னாது.

கேபிளும் புதிது. 50 ஸ்கொயர் எம்.எம். வெல்டிங் கேபிள், மெத்தென்று வளையும். கடையில் முதலில் எடுத்துக் கொடுத்தது அலுமினியம். வெளித்தோற்றத்தில் வித்தியாசமே தெரியவில்லை. தூக்கும்போது கனம் குறைவாக இருந்ததால் முனையைச் சீவிப் பார்த்தேன், வெள்ளை. காப்பர் கேட்டதும் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, வேறு வழியில்லை. லக்குகளை ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அடித்து வாங்கினேன்.

நெகட்டிவுக்குக் கேபிள் இழுக்காமல் சேசிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) வழியாக எர்த் எடுத்தால் பாதிக் கேபிள் மிச்சம் என்று வயரிங் அண்ணன் சொன்னார். பன்னிரண்டு வருஷம் ஓடிய பஸ். போல்ட் அடியில் துருவா இரும்பா என்று அதற்கே தெரியாது. நெகட்டிவுக்கும் தனியாக இழுத்தேன்.

மார்ச் 10, காலை

நேற்று எழுதியதில் பெருமைப்பட்டுக்கொண்ட ரிலே எரிந்துவிட்டது. வாசனை டிக்கியிலிருந்து அடுப்படி வரை வந்தது. மனைவி "ஊதுபத்தியா?" என்றாள்.

தப்பு என்னுடையது. பட்டறையில் கையில் கிடைத்த ஸ்டார்ட்டர் சொலினாய்டை, அதாவது செல்ஃப் மோட்டாருக்கான ரிலேயை, போட்டேன். பார்க்கத் தடியாக இருந்தது, 200 ஆம்பியர் தாங்கும் என்றார்கள். தாங்கும்தான், செல்ஃப் அடிக்கும் அந்தச் சில நொடி மட்டும். அதன் சுருள் அவ்வளவு நேரத்துக்கென்றே சுற்றியது. மூன்று மணி நேரம் விடாமல் இழுத்துப் பிடித்தால் வேறென்ன ஆகும்? தொடர்ந்து வேலை செய்யும் ரகம் தனியாகக் கிடைக்கிறது, கன்டினியூஸ் டியூட்டி என்று கேட்க வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

புதியதை டைனமோவின் டி பிளஸ் முனையிலிருந்து இயக்குகிறேன். டைனமோ உற்பத்தி செய்யத் தொடங்கினால்தான் அங்கே வோல்ட் வரும், டாஷ்போர்டில் பேட்டரி லைட் அணைவதும் அதனால்தான். ஆனால் பெரிய ரிலேயின் சுருளை நேரே அதில் மாட்டக்கூடாது, நடுவில் சின்ன ரிலே ஒன்று. டி பிளஸ் முனை அவ்வளவு பாரம் தாங்காது.

சாதாரண சுவிட்ச் போதாதா என்ற சேலத்துக்காரருக்கு: போதும், இரவில் அணைக்க ஞாபகம் இருந்தால். எனக்கு இருக்காது.

மார்ச் 12

இப்போது டிக்கியில் 27.8 வருகிறது. ஆனால் அடுத்த குழப்பம். ஐந்து மணி நேரம் ஓட்டி, ஒரு இரவு எதுவும் போடாமல் விட்டு, காலையில் அளந்தால் ஒவ்வொரு பேட்டரியும் 12.4 சொச்சம். இணையத்தில் உள்ள அட்டவணையில் 12.7 என்றால்தான் முழுசு, 12.4 என்றால் முக்கால். மறுபடியும் எங்கோ ஓட்டை.

மார்ச் 13

ஓட்டை இல்லை, அட்டவணைதான் தப்பு. தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, அது வேறு ஊர் பேட்டரிக்குப் போட்டது.

பேட்டரிக் கடைப் பெரியவர் ஒருவர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்த்தார். ரப்பர் உருண்டையை அழுத்திவிட்டு மெல்ல விடுகிறார், மிதவை கண்ணாடிச் சுவரைத் தொடாமல் நிற்கும்வரை கையைச் சாய்த்துச் சாய்த்துச் சரிசெய்கிறார், அப்புறம்தான் படிக்கிறார். 1230, 1235, 1235, 1230. "தம்பி, டியூபுலருக்கு 1240 தான் ஃபுல். இதுக்கு மேல என்ன வேணும்?"

குளிர் நாட்டில் ஆசிட் கெட்டியாக ஊற்றுவார்கள், 1265, 1280 என்று. நம் வெயிலுக்கு அவ்வளவு கெட்டி ஊற்றினால் தகடு சீக்கிரம் அரித்துவிடும், அதனால் இங்கே நீர்த்த ஆசிட். கிராவிட்டியோடு (அந்த அடர்த்திதான், 1240 என்றால் 1.24) 0.84 கூட்டினால் ஏறக்குறைய ஒரு செல்லின் வோல்ட். 1.24 கூட்டல் 0.84, 2.08. ஆறு செல்லுக்கு 12.5. என் பேட்டரி முழுசாக நிரம்பினாலும் 12.5-ஐத் தாண்டி நிற்காது. நானோ 12.7-ஐத் தேடிக்கொண்டிருந்தேன்.

டியூபுலர் வைத்திருப்பவர்கள் வோல்ட் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஹைட்ரோமீட்டர் சில நூறு ரூபாய்தான். சட்டையில் ஓட்டை விழும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள். இன்று ஒன்று விழுந்தது.

மார்ச் 19

இன்று விடியற்காலை ஒட்டன்சத்திரத்தில் டீக்கடை முன்னால் நிறுத்தி, டீ குடித்து, சாவி போட்டால் "டக்". மறுபடி "டக்". அவ்வளவுதான். வீட்டு பேட்டரியைச் சீராட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி பேட்டரி மண்டையைப் போட்டுவிட்டது.

மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றி வந்த லாரிக்காரர் இறங்கிப் பார்த்தார். அதுவும் 24 வோல்ட். கேபிள் கொடுத்து ஏற்றிவிட்டார். காசு வாங்கவில்லை. "ரெண்டு பேட்டரில ஒண்ணு சூடா இருக்கு, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்துக்கே காசு கொடுத்திருக்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது அளந்தேன். இரண்டும் சேர்த்து 28.2, கச்சிதம். தனித்தனியாகப் பார்த்தால் கீழ் பேட்டரி 13.2, மேல் பேட்டரி 15.0!

காரணத்தைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. பாட்டுப் பெட்டி, போன் சார்ஜர், டிரைவர் ஃபேன் மூன்றும் 12 வோல்ட். கல்லூரி ஓட்டிய காலத்திலேயே யாரோ, சேசிஸ் பக்கமுள்ள கீழ் பேட்டரியில் இருந்து மட்டும் நடுவில் கம்பி இழுத்து 12 வோல்ட் எடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் பாதி லாரியில் இப்படித்தான் பாட்டு பாடுகிறது. கீழ் பேட்டரி மட்டும் தினம் கொஞ்சம் காலியாகும். டைனமோவுக்கோ இரண்டின் கூட்டுத்தொகை மட்டும்தான் தெரியும். 28.2 வந்துவிட்டதா, சரி என்று இருந்துவிடும். நிரம்பிய மேல் பேட்டரி 15 வோல்ட்டில் கொதித்துத் தண்ணீரை இழக்கும், கீழது பட்டினியிலேயே கிடந்து சல்ஃபேட் படியும். மூடியைத் திறந்தால் மேல் பேட்டரியில் தகடு வெளியே தெரிகிறது. இரண்டும் போச்சு. ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. கூடாது. புதியதும் பழையதும் சீரிஸில் இருந்தால் இதே சண்டை வேறு ரூபத்தில் நடக்கும்.

நடுக்கம்பியை வெட்டி எறிந்துவிட்டு 24-லிருந்து 12 வோல்ட் இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டாயிற்று.

மார்ச் 19, இரவு

ஈரோட்டுக்காரர் எழுதியதைப் படித்து வீட்டோடு சிரித்தோம்: "அண்ணே, டிக்கியில நெறஞ்ச 24 வோல்ட் பேட்டரிய வெச்சுக்கிட்டு லாரிக்காரர் கிட்ட எதுக்கு கையேந்தினீங்க?"

உண்மை. எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. ஆளுக்கு அறுபது கிலோ என்று இரண்டு பேட்டரி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

மார்ச் 21

ஈரோட்டுக்காரர் யோசனைப்படி டாஷ்போர்டில் அழுத்து பட்டன் ஒன்று. அழுத்தினால் ரிலே சேரும். ஆனால் ஒரு திருத்தம்: அழுத்திக்கொண்டே செல்ஃப் அடிக்கக்கூடாது. செல்ஃப் இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர், நடுவில் என் ஃப்யூஸ் 100 தான். பத்து நிமிஷம் சேர்த்து வைத்தால் வீட்டு பேட்டரி வண்டி பேட்டரிக்குக் கொஞ்சம் ஊட்டிவிடும். அப்புறம் பட்டனை விட்டுவிட்டு அடிக்க வேண்டும். பத்து நிமிஷம் விரலை வைத்துக்கொண்டிருப்பது யார் என்று கேட்காதீர்கள். மகன்.

ஃப்யூஸ் பற்றி: கேபிளின் இரண்டு முனையிலும் போடுங்கள். ஒரு முனை போதும் என்று நானும் நினைத்தேன். ஆனால் இந்தக் கேபிளுக்கு இரண்டு பக்கமும் பேட்டரி. நடுவில் எங்கே உரசினாலும் இரண்டு பக்கமிருந்தும் பாயும். குறுக்குச் சட்டம் ஒன்றின் ஓரத்தில் என் கேபிள் உறை ஏற்கெனவே பளபளவென்று தேய்ந்திருந்தது. பழைய கார்டன் ஹோஸைக் கிழித்து மாட்டி, கிளாம்ப் போட்டேன்.

ஏப்ரல் 16

சித்திரைக்குக் குடும்பத்தோடு ஒரு சுற்று. முந்தின இரவு வீட்டு பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்துவிட்டு, மறுநாள் பகலில் கிளாம்ப் மீட்டரோடு உட்கார்ந்தேன். ஓட்டியது மைத்துனர்.

கிளம்பிய இருபது நிமிஷத்தில் 31 ஆம்பியர். ஒரு மணி நேரத்தில் 20. மூன்றாவது மணி நேரத்தில் 11. ஐந்தாவதில் 6.

நான் முதல் நாள் போட்ட 45 பெருக்கல் 6 கணக்கு எவ்வளவு குழந்தைத்தனம் என்று இப்போது தெரிகிறது. தகட்டில் உள்ள 45, டைனமோ வேகமாகச் சுற்றி, குளிர்ச்சியாக இருக்கும்போது தர முடிந்த உச்சம். எவ்வளவு வாங்கிக்கொள்வது என்பது பேட்டரியின் இஷ்டம். காலியாக இருக்கும்போது அள்ளி விழுங்கும், நிரம்ப நிரம்ப வாய் சிறுத்துக்கொண்டே போகும். கடைசி இருபது சதவீதத்துக்கு எடுக்கும் நேரம், முதல் அறுபதுக்கு எடுத்ததைவிட அதிகம். பந்தியில் கடைசி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல.

அப்புறம், இரவில் ஓட்டினால் ஹெட்லைட் இரண்டும் மற்ற விளக்குகளும் சேர்த்து 8 ஆம்பியரை எடுத்துக்கொள்கின்றன. அதையும் அந்த 45-இல்தான் கழிக்க வேண்டும்.

நிறுத்தி வைத்து இன்ஜினை ஐடிலில் ஓட்டி சார்ஜ் செய்யலாமா? 650 ஆர்.பி.எம்.மில் எனக்கு வந்தது 9 ஆம்பியர். டீசலும் போகிறது, பக்கத்து வண்டிக்காரர் நிம்மதியும் போகிறது. செய்யாதீர்கள்.

ஏப்ரல் 18

கோவை நண்பர் லித்தியம் போட்டு டைனமோவில் நேரே மாட்டப் போவதாக எழுதியிருக்கிறார். வேண்டாம்.

லித்தியத்துக்கு வாய் சிறுக்காது. கிட்டத்தட்ட நிரம்பும்வரை டைனமோ தருகிற அத்தனையையும் இழுக்கும். பஸ் டைனமோ மணிக்கணக்காக முழு மூச்சில் ஓடச் செய்தது அல்ல. என்னுடையது வெறும் 31 ஆம்பியரில், ஏப்ரல் வெயிலில், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் வெளிக்கூடு 96 டிகிரி காட்டியது. உள்ளே சுருள் இன்னும் சூடாக இருக்கும்.

இன்னொன்று, லித்தியம் பெட்டிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட், ஏதாவது பிடிக்காவிட்டால் பட்டென்று துண்டித்துவிடும். அந்தக் கணத்தில் டைனமோ தந்துகொண்டிருந்த கரண்டுக்குப் போக இடமில்லாமல் வோல்ட் எகிறும், டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். நடுவில் டி.சி. டு டி.சி. சார்ஜர், 15 அல்லது 20 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வது, போடுங்கள். காசு அதிகம்தான், டைனமோ அதைவிட அதிகம்.

நீங்கள் டியூபுலரிலேயே ஏன் நிற்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்பதைத் தவிர நல்ல காரணம் எதுவும் இல்லை. கனம், தண்ணீர் ஊற்ற வேண்டும், வாயு வெளியேற டிக்கியில் இரண்டு குழாய் வைக்க வேண்டும், மேடு பள்ளத்தில் ஆசிட் தெறிக்கும். இப்போது வாங்கினால் லித்தியம்தான் வாங்குவேன்.

ஆர்.டி.ஓ., எஃப்.சி. கேள்விகளை இங்கே கேட்காதீர்கள். அதற்குத் தனி இழை, தனி ரத்தக்கண்ணீர்.

ஜூன் 11

கூரையில் 335 வாட் சோலார் பேனல் இரண்டு. டைனமோ இருக்கும்போது இது எதற்கு என்று நானே மார்ச்சில் யாருக்கோ எழுதியிருந்தேன், தேடிப் பார்த்து அவர் இன்று அதை எடுத்துப் போட்டிருக்கிறார். வாபஸ்.

இரண்டுக்கும் வேலை வேறு. காலையில் ஓட்டும் இரண்டு மணி நேரத்தில் டைனமோ பெரும்பகுதியை அள்ளிப் போட்டுவிடுகிறது. நிறுத்திய பிறகு, அந்தக் கடைசிச் சொச்சத்தை வெயில் மெதுவாக மாலை வரை ஊட்டுகிறது. டைனமோவின் ரெகுலேட்டர் 28.2-க்கு மேல் போகாது, சோலார் கன்ட்ரோலரில் 28.8 வைக்க முடியும். மூன்று வாரத்தில் கிராவிட்டி எல்லாச் செல்லிலும் 1240.

ஆகஸ்ட் 6

மறுபடியும் விடிய மூன்று மணி, மறுபடியும் ஃபேன் நின்றது. ஆடி மழை, நான்கு நாளாக வெயில் இல்லை. சோலாரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தினமும் ஓட்டியிருக்கிறேன். ரிலே சேரவில்லை. ரிலேயை மாற்றினேன், சேரவில்லை. சின்ன ரிலேயை மாற்றினேன், சேரவில்லை. வண்டி பேட்டரி 24.6-க்கு இறங்கிவிட்டது. இந்தத் தடவை உண்மையிலேயே டைனமோ.

ஆகஸ்ட் 7

டைனமோ இல்லை.

சாவி போட்டதும் டாஷ்போர்டில் பேட்டரி லைட் எரிய வேண்டுமல்லவா, அது எரியவே இல்லை என்பதை மகன்தான் சொன்னான். பல்பு ஃபியூஸ். 24 வோல்ட், 2 வாட். எச்சரிக்கை விளக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் பல்பு வழியாகப் போகும் சின்னக் கரண்டில்தான் டைனமோவின் உள்ளே சுற்றும் ரோட்டர் முதலில் காந்தமாகிறது. பல்பு இல்லையென்றால் டைனமோ சும்மா சுற்றும். ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால் மிச்சமிருக்கும் காந்தத்தில் எப்போதாவது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு நாள் வேலை செய்து, மறுநாள் செய்யாமல், என்னை அலைக்கழித்தது. டி பிளஸ் முனையில் வோல்ட் இல்லை, அதனால் ரிலேயும் இல்லை.

இரண்டு நாள், இரண்டு ரிலே. பல்பு இருபது ரூபாய். இரண்டு வாங்கினேன். ஒன்று மாட்டியாயிற்று, மற்றதைப் பஞ்சில் சுற்றி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். இப்போது சாவி போட்டால் சிவப்பாக எரிகிறது. ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது, ஒரு நொடி கழித்து டிக்கியில் ரிலே "டக்" என்கிறது.